மேட்ச்சா, சுருளியா? காலாண்டு லீவில் ஒரு கம்பம் பள்ளத்தாக்கு வீட்டின் கணக்கு

"அப்பா, சனிக்கிழமை எனக்கு மேட்ச் இருக்குப்பா."

"சனிக்கிழமை சுருளிக்குப் போறோம்ல தாயி. அத்தை வீட்ல இருந்தும் வர்றாங்க."

"மேட்ச்சுக்குப் போகலைன்னா டீம்ல எடுக்க மாட்டாங்கப்பா."

"எடுக்கலைன்னா விடு. அடுத்த வருஷம் ஒன்பதாவது. ஆடுனது போதும், இனிப் படிப்பைப் பாரு."

அனுமந்தன்பட்டியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டத்தில் வேலை. அம்மாவுக்கு வீட்டு வேலையோடு தையல் மிஷினும் உண்டு. மகள் எட்டாவது படிக்கிறாள், கபடி ஆடுகிறாள். மகன் நான்காவது, கையில் மொபைல் இருந்தால் அவனுக்குச் சோறுகூட வேண்டாம். திண்ணையில் அப்பத்தா. காலாண்டுத் தேர்வு முடிந்த அன்று ராத்திரி இந்த வீட்டில் நடக்கிற பேச்சுதான் மேலே இருப்பது.

இந்தப் பேச்சு இங்கே மட்டும் நடப்பதில்லை. உத்தமபாளையம், சின்னமனூர், கூடலூர் என்று எந்த ஊரிலும், ஏன், எந்த மாவட்டத்திலும் கேட்கலாம். லீவு சில நாள்தான். அதற்குள் டூர் போக வேண்டும், சொந்தக்காரர்களைப் பார்க்க வேண்டும், ஆயுத பூஜை கும்பிட வேண்டும், பிள்ளைகள் விளையாடவும் வேண்டும். இதில் முதலில் வெட்டுப்படுவது எப்போதும் விளையாட்டுதான். அதுவும் பெண் பிள்ளையின் விளையாட்டு.

கூதிர் காலம் வந்தாச்சு!

வெளிநாட்டுப் படங்களில் இலை சிவந்து உதிர்கிற இலையுதிர் காலம் நம் ஊரில் கிடையாது. ஆனால், அந்த மாதங்களுக்குத் தமிழில் சொந்தமாகவே பெயர் இருக்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார் காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். வெயில் தணிந்து, காற்றில் ஈரம் ஏறி, மலை முகட்டில் மேகம் வந்து உட்காரும் நாள்கள். வீட்டை விட்டு வெளியே வருவதற்கு இதைவிட நல்ல சீசன் கம்பம் பள்ளத்தாக்கில் இல்லை.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது அனுமந்தன்பட்டி. ஒரு பக்கம் மேகமலைத் தொடர், இன்னொரு பக்கம் கேரள எல்லை மலைகள். நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் பச்சை பிடித்துக் கிடக்கும் வயல்கள். இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம். ஜூனில் தண்ணீர் திறந்தால் முதல் போகம் தொடங்கும். ஐப்பசி வாக்கில் அறுப்பு நடக்கும். அறுத்த வயல் அடுத்த நாற்று நடும்வரை சும்மாவா கிடக்கும்? மூன்று குச்சி ஊன்றினால் அது கிரிக்கெட் மைதானம். சுண்ணாம்பில் கோடு போட்டால் கபடிக் களம். ஊரில் தனி மைதானம் இல்லையே என்று புலம்புகிறவர்கள் இந்தச் சில வாரங்களையாவது விட்டுவிடக் கூடாது.

பன்னீர் திராட்சைக்கும் இந்தப் பள்ளத்தாக்குதான் தாய்வீடு. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற இடங்களில் சீசனுக்கு மட்டும் காய்க்கிற திராட்சை, இங்கே வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பில் இருக்கும். அதனால்தான் தோட்ட வேலை செய்கிறவர்களுக்கு 'லீவு' என்று தனியாக ஒன்று வருவதில்லை. கிடைக்கிற ஒரு சனிக்கிழமையைச் சுருளிக்கா, மேட்ச்சுக்கா என்று அந்த அப்பா கணக்குப் பார்ப்பதில் ஆச்சர்யம் இல்லை.

81 சதவிகிதம்!

ஆனால், அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போகிறது. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதை எத்தனை பேர் செய்கிறார்கள் என்று அதன் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தகவல்களைத் திரட்டிப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. 11 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 81 சதவிகிதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. பையன்களில் 78 சதவிகிதம், பெண் பிள்ளைகளில் 85 சதவிகிதம்.

பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏன் கூடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஏழாவது, எட்டாவது வரும்போது வீட்டுக்குள்ளேயே பதில் கேட்கும். "வயசுக்கு வந்த பிள்ளை, டிராயர் போட்டுக்கிட்டு ஆடணுமா?", "வெயில்ல கறுத்துப்போவ", "கை கால் முறிஞ்சா யார் பாக்குறது?", "இருட்டுறதுக்குள்ள எப்படி வருவ?" கடைசிக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில், பிள்ளையை வீட்டில் உட்காரவைப்பது அல்ல. அப்பாவோ, மாமாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ பயிற்சி முடிகிற நேரத்துக்குப் போய் நிற்பதுதான்.

மாதவிடாய் நாள்களில் விளையாடலாமா என்று பல அம்மாக்கள் தயங்குவதுண்டு. உடம்பு ஒத்துழைத்தால் விளையாடத் தடையில்லை. கடும் வலியோ, அதிக ரத்தப்போக்கோ இருந்தால் ஓய்வும் டாக்டரின் ஆலோசனையும் தேவை. பிள்ளை இதைத் தயங்காமல் சொல்லக்கூடிய இடமாக வீடு இருந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

விளையாட்டு எங்கே கொண்டுபோகும்?

"ஆடி என்னத்தக் கண்ட?" என்று கேட்கிற தாத்தாக்களுக்காக இந்தப் பகுதி.

பள்ளிக் கல்வித்துறையின் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவாக நடக்கின்றன. குறுவட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று மேலே போகலாம். எட்டாவது படிக்கிற பிள்ளை 14 வயதுப் பிரிவில் ஆடுகிற கடைசி வருஷமாக அது இருக்கலாம். 'அடுத்த வருஷம் ஆடிக்கலாம்' என்பது அவளைப் பொறுத்தவரை அதே வாய்ப்பு அல்ல. அடுத்த வருஷம் எதிரில் நிற்பவர்கள் அவளைவிட இரண்டு வயது பெரியவர்களாகக்கூட இருப்பார்கள்.

அடுத்தது முதலமைச்சர் கோப்பை. பள்ளிப் பிரிவில் 12 முதல் 19 வயது வரை கலந்துகொள்ளலாம். 2024, 2025 இரண்டு வருஷமும் மாநில அளவிலான போட்டிகள் அக்டோபரில் நடந்தன. அதாவது, நாம் டூர் போகிற அதே மாதத்தில்! மாநில அளவில் தனிநபர் போட்டியில் முதலிடம் பிடித்தால் 1 லட்சம் ரூபாய், இரண்டாம் இடத்துக்கு 75,000, மூன்றாம் இடத்துக்கு 50,000. குழுப் போட்டி என்றால் ஜெயித்த டீமில் ஒவ்வொருவருக்கும் 75,000 ரூபாய்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ம் வகுப்புகளுக்குத் தேர்வு நடக்கும். தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள். அரசு வேலையில் 3 சதவிகித ஒதுக்கீடு. எல்லோருக்கும் இது கிடைத்துவிடாது. ஆனால், கதவு இருக்கிறது என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகா, சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்தவர். அதே போட்டியில் தங்கம் வென்ற ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரைச் சேர்ந்த அபினேஷ் இருந்தார். ஒருவர் மறுகுடியமர்வுக் குடியிருப்பிலிருந்து, இன்னொருவர் வயல்காட்டு ஊரிலிருந்து. இரண்டு பேருக்கும் தமிழ்நாடு அரசு தலா 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது.

தேனி மாவட்டத்துக்கும் பெருமை உண்டு. பெரியகுளத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மே மாதத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடந்துவருகிறது. ராணுவம், ரயில்வே, வங்கி அணிகளெல்லாம் வந்து ஆடும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து மேட்ச் பார்க்கிற பழக்கம் அந்த ஊருக்கு உண்டு. 'மேட்ச்சும் டூரும் வேற வேற இல்ல' என்பதைக் கற்றுக்கொள்ள இந்தப் பக்கத்துக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

எங்கே போகலாம்?

சரி, மேட்ச் முடிந்துவிட்டது. இப்போது எங்கே கிளம்பலாம்?

சுருளி அருவி: கம்பத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். மேகமலைக் காட்டிலிருந்து இறங்கி வரும் தண்ணீர். அமாவாசை நாள்களில், முக்கியமாகப் புரட்டாசி மகாளய அமாவாசையன்று, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டம் அலைமோதும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்த்தால் நிம்மதியாகக் குளிக்கலாம்.

சண்முகாநதி அணை: ராயப்பன்பட்டி அருகே இருக்கிற சின்ன அணை. மலையடிவாரம், கூட்டம் குறைவு. கட்டுச்சோற்றை வெளியே வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மலையைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்காரலாம். தண்ணீருக்குள் மட்டும் இறங்க வேண்டாம்.

லோயர் கேம்ப்: கர்னல் ஜான் பென்னிகுயிக் மணிமண்டபம் இங்கே இருக்கிறது. 2013-ல் திறக்கப்பட்டது. முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது 1895 அக்டோபர் 10-ம் தேதி. மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய கதையை, அந்த அக்டோபர் மாதத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லலாம். "நாம சாப்பிடுற சோறு இந்தத் தண்ணில விளைஞ்சது" என்று அப்பத்தா சொன்னால், பாடப் புத்தகத்தைவிட நன்றாக மனதில் பதியும்.

மேகமலை: சின்னமனூரிலிருந்து ஏற வேண்டும். 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். அடுத்து என்ன பூ என்று பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டே போனால் வாந்தி, தலைசுற்றல் ஞாபகமே வராது. மேலே தேயிலைத் தோட்டங்கள். 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி இது. இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். மழை விட்ட நேரத்தில் அட்டைக்கடி உண்டு. ஷூவும் நீளமான சாக்ஸும் போட்டுவிடுங்கள்.

வைகை அணை: ஆண்டிபட்டி அருகே, 1959-ல் திறக்கப்பட்டது. பூங்கா இருப்பதால் நடக்க முடியாத தாத்தா பாட்டிக்கும், ஓடாமல் இருக்க முடியாத வாண்டுகளுக்கும் ஏற்ற இடம்.

இதைப் படிக்காமல் கிளம்பாதீர்கள்!

இந்தச் சீசனின் அழகும் ஆபத்தும் ஒன்றுதான். மழை.

கீழே வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டும். அருவியில் தண்ணீர் கலங்கலாக வந்தாலோ, இலையும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, சத்தம் திடீரென்று மாறினாலோ அந்த நொடியே வெளியே வந்துவிட வேண்டும். வனத்துறை 'குளிக்கத் தடை' என்று சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். 2025 அக்டோபரில் தீபாவளிக்கு முந்தைய நாள்களில் பெய்த கனமழையில் முல்லைப் பெரியாறு கரைபுரண்டதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

யானை விஷயமும் விளையாட்டல்ல. 2023 மே 27-ம் தேதி அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள்ளேயே நுழைந்தது. பிறகு சுருளிப்பட்டி, சண்முகாநதி அணைப் பக்கம் சுற்றியது. ஜூன் 5-ம் தேதி பிடிக்கப்படும்வரை மலையடிவார ஊர்கள் தூங்கவில்லை. சுருளி அருவிக்குப் போகவும் அப்போது தடை. அருவிப் பாதையில் யானை நடமாட்டம் என்று அறிவிப்பு வந்தால், 'ஒரு செல்ஃபி' ஆசைக்குக்கூட இடமில்லை.

தேக்கடிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2009 செப்டம்பர் 30-ம் தேதி, இதே சீசனில், ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டால் போதாது, பட்டையை இறுக்கி மாட்ட வேண்டும். எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்கக் கூடாது. பிள்ளைகளுக்குப் படகில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மலையேற்ற ஆசை இருந்தால் அனுமதி இல்லாமல் போகவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போனது இந்த மாவட்டத்தில்தான். அதன்பிறகே மலையேற்றத்துக்குக் கறாரான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றத் தடங்களை ஆன்லைன் முன்பதிவோடு திறந்தது. வழிகாட்டி துணையோடு அப்படிப் போவதுதான் பாதுகாப்பு.

மைதானத்துக்கும் ஒரு விதி உண்டு. ஐப்பசி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு வரும். இடிச் சத்தம் கேட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடி கூடவே கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி களம் இறங்கலாம். இந்தச் சீசனில் மேட்ச்சைக் காலையில் வைப்பது எல்லா வகையிலும் நல்லது.

ஒரே நாளில் இரண்டும்

இப்போது அந்த வீட்டுக்குத் திரும்புவோம். சனிக்கிழமை மேட்ச்சா, சுருளியா?

அம்மா ஒரு வழி சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "மேட்ச் காலைல ஏழு மணிக்கு. எல்லாருமே போவோம். முடிஞ்சதும் அப்படியே கிளம்புவோம். அண்ணிகிட்ட நான் பேசுறேன், அவங்களும் மைதானத்துக்கே வரட்டும்."

விடிவதற்கு முன்பே புளிச்சோறும், உருளைக்கிழங்குப் பொரியலும், தயிர்ச்சோறும் தயாராகிவிடும். ஆடப்போகிற பிள்ளைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் முன்பாக இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கபடி ஆட முடியாது. பாட்டிலில் தண்ணீர். ஆடி முடித்ததும் மோரும், அவித்த வேர்க்கடலையும், முட்டையும். புரட்டாசி விரதம் இருக்கும் வீடென்றால் முட்டைக்குப் பதில் சுண்டல். நவராத்திரி நேரத்தில் அதற்கா பஞ்சம்?

நான்காவது படிக்கிற தம்பிக்கு ஸ்கோர் எழுதுகிற வேலையைக் கொடுங்கள். மொபைல் தானாகவே பைக்குள் போய்விடும். அப்பத்தாவுக்கு ஆட்டத்தை விளக்குகிற வேலை அத்தை பையனுக்கு. "பக்கத்துக்கு ஏழு பேர், அப்பத்தா. பாடிட்டுப் போறவ முப்பது செகண்டுக்குள்ள தொட்டுட்டுத் திரும்பி வரணும். பிடிச்சு நிறுத்திட்டா அவங்களுக்குப் பாயின்ட்." அப்பத்தா சிரிக்கலாம். சடுகுடு தெரியாதவரா அவர்?

குடும்பம் வந்து நிற்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. மேட்ச் பார்க்காத அப்பாவுக்கு மகளின் கபடி என்பது கிழிந்த டிரஸ்ஸும், சிராய்த்த முட்டியும், குறைந்த மார்க்கும்தான். களத்து ஓரம் நின்று பார்க்கிற அப்பாவுக்கு வேறொன்று தெரியும். வீட்டில் நாலு வார்த்தை பேசத் தயங்குகிற பிள்ளை, ஆறு பேரை இடம் மாற்றி நிற்கச் சொல்கிறாள். பிடிபட்டு வெளியே போனவள் அழாமல் உட்கார்ந்து, தன் முறைக்குக் காத்திருக்கிறாள். தோற்றால் எதிர் டீமுக்குக் கை கொடுக்கிறாள். காலாண்டு மார்க் ஷீட்டில் இதற்குக் கட்டம் கிடையாது.

பெற்றோர் செய்யக் கூடாததும் உண்டு. கோட்டுக்கு வெளியே நின்று கத்திக் கத்திச் சொல்லிக்கொடுக்காதீர்கள், அதற்குப் பயிற்சியாளர் இருக்கிறார். நடுவரோடு சண்டை வேண்டாம். முக்கியமாக, திரும்பி வருகிற வண்டியில் "நீ அந்த இடத்துல ஏன் அப்படிப் பண்ணுன?" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த நேரத்தில் பிள்ளைக்குத் தேவை ஒரு ஜன்னலோர சீட்டும், ஒரு கொத்துப் பன்னீர் திராட்சையும்தான்.

படிப்பு? அதையும் விட வேண்டாம். லீவு நாள்களில் காலை இரண்டு மணி நேரம் புத்தகம், சாயங்காலம் மைதானம் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். 'மார்க் குறைந்தால் கபடி கட்' என்று மிரட்டுவதைவிட, எந்தப் பாடத்தில் இடிக்கிறது என்று கேட்டு, அதற்கு நேரம் ஒதுக்குவது பலன் தரும். விஜயதசமியன்று புதிதாகத் தொடங்குவது நம் வழக்கம்தானே? சின்னவனைச் சிலம்பத்திலோ, ஓட்டத்திலோ சேர்த்துவிட அதைவிட நல்ல நாள் எது?

சனிக்கிழமை சாயங்காலம். சுருளியில் குளித்த ஈரத்தலையோடு வண்டியில் எல்லோரும் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். மகள் மேட்ச்சில் ஜெயித்தாளா, தோற்றாளா என்பது அவ்வளவு முக்கியமில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே வந்த அப்பா, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிக் கேட்கிறார்.

"ஏம்மா, அடுத்த மேட்ச் என்னைக்கு?"

இந்தக் காலாண்டு லீவில் உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி வரட்டும்!